முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு டொக்

சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். சித்தியவானுக்குப் பக்கத்தில், இப்போது முழுக்கச் செம்பனையாகிவிட்ட ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் சின்னத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே ஆராதனை. பாட்டுக்குழுவில் ஆள் குறைவு என்பதால் ஈப்போவிலிருந்து நானும் என் கணவரும் போவோம். அன்று திரும்பும்போது, செம்மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறுகிற இடத்தில், என் காலடியில் யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டியதுபோல 'டொக்' என்றது.

"ஏங்க, கேட்டுச்சா?"

"என்னா?"

"சத்தம். என் கால் கிட்ட."

"ஒண்ணும் கேக்கலியே. ரோடு அப்படி இருக்கு."

அதோடு வானொலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

எங்கள் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மகள் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வாங்கினோம். இப்போது அவளுக்கே ஜொகூரில் இரண்டு பிள்ளைகள். இத்தனை வருடத்தில் அந்தக் காரை வேறு யாரும் பழுதுபார்க்க அவர் விட்டதில்லை. எண்ணெய் மாற்றுவது, பிரேக் மாற்றுவது எல்லாம் வீட்டு வாசலில்தான். செம்பனை ஆலையின் இயந்திரப் பகுதியில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவர் கைக்கு அகப்பட்ட ஒரே இயந்திரம் இந்தக் கார். அதற்கு நோய் என்று நான் சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வார்?

ஆனால் நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. நான் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். எந்தப் பல், எப்போது வலிக்கிறது, சூட்டுக்கா குளிருக்கா என்று வருகிறவர்களிடம் தினமும் கேட்டுக் கேட்டு எழுதுவது என் வேலை. காரிடமும் அதையே செய்தேன். மெதுவாகப் போகும்போது சத்தம் வருகிறது. சின்னக் குழி, ஒட்டுப்போட்ட ரோடு என்றால் நிச்சயம் வருகிறது. எங்கள் குடியிருப்பான தாமானின் வாசலில் இருக்கிற பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் வருவதில்லை. எப்போதும் இடது பக்கம். எல்லாவற்றையும் மளிகைச் சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

"தண்ணிப் போத்தல் உருளுது, அதான்," என்றார் அவர்.

போத்தலை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை. பிறகு காரின் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கினேன். இரண்டு குடை, பாட்டுப் புத்தகக் கட்டு, ஜாக், எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்து மறந்துபோன முருங்கைக்காய்கள். முருங்கைக்காய் குச்சியாகியிருந்தது. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். டொக், டொக்.

"உனக்குத்தான் கேக்குது," என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காரை நேராகச் சிம்பாங் பூலாய்க்கு ஓட்டினேன். அங்கே ஒரு ஃபோர்மன் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் கார் பழுது பார்ப்பவரை அப்படித்தான் சொல்வோம். சீனர். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால், இவர் அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார். சந்துக்குள் திரும்பியதும் டொக் என்றது. சிரித்துவிட்டார்.

"அக்கா, நல்லாக் கதவு தட்றான்லா. யாரு உள்ள இருக்கான்?"

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஒரு மாதமாக நான் ஒருத்தி மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. என் பட்டியலைக் காட்டினேன். அவர் அதைக் கவனமாகப் படித்தார்.

"பெரிய மேட்டுல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுது. அப்ப சத்தம் இல்ல. சின்னக் குழியில ஒரு சக்கரம்தான் எறங்குது, அப்ப வருது. குலுக்கல தாங்குற அப்சோர்பர் இல்ல அக்கா. லிங்க்குனு நெனைக்கிறேன். அண்ணே என்னா சொன்னாரு?"

"அவருக்குச் சத்தமே கேக்கலையாம். நான் இங்க வந்ததும் தெரியாது."

ஃபோர்மன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நான் தொட மாட்டேன்லா. அண்ணேகிட்ட முதல்ல சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். கோபம் வந்தது அவருக்கு. கத்துகிற மனிதர் இல்லை. கோபம் வந்தால் சட்டைப் பையில் எதையோ தேடுவார். தேடினார்.

"சரி, நீ ஓட்டு. நான் உன் எடத்துல உக்கார்றேன்," என்றார்.

தாமானைச் சுற்றி ஓட்டினேன். சத்தம் வரும்போதெல்லாம் "இப்ப" என்றேன். கொஞ்ச தூரம் போய், "இப்ப". திரும்பும்போது, "இப்ப, இப்ப". முதலில் அவர் கீழே குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாம் சுற்றில், விளையாட்டுத் திடலோரம் மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். இன்ஜினை அணைத்தேன்.

"நீ சும்மா சொல்லலியே?"

"நான் எதுக்குங்க சும்மா சொல்லப் போறேன்?"

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். திடலில் யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல," என்றார். "ஒரு தடவகூட."

ஒன்றிரண்டு வருடமாக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த விஷயங்கள் அந்த மரத்தடியில் ஒவ்வொன்றாக இடம் மாறின. மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு "அம்மாகிட்ட பேசு" என்று என் கையில் கொடுத்துவிடுவார். சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டால் பதில் வராது. போதகர் ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையாட்டுவார். வயது ஏற ஏற மனிதருக்கு அலட்சியம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என் தங்கையிடம் புலம்பியும் இருக்கிறேன். அந்த ஆலைச் சத்தத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சரி. அப்ப நான் கேக்குறேன். நீங்க கழட்டுங்க."

அவர் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உடை மாற்றியதும் வேலையை ஆரம்பித்தோம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தார். சக்கரத்துக்குப் பின்னால் கை போகும் அளவுக்கு இடம் வந்தது. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ஆலையில பேரிங் கெட்டிருக்கான்னு இப்படித்தான் பாப்போம். முனைய இரும்புல வை. கைப்பிடிய காதுல வை. நான் வண்டிய அமுக்குறேன்."

பழைய பாயை விரித்துப் படுத்தேன். ஐம்பத்து நான்கு வயதில் காருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு காதில் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்த என்னை, எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார்.

என் கணவர் காரின் முன்பக்கத்தை அமுக்கி விட்டார். முதலில் ஸ்பிரிங் பக்கம் வைத்தேன். முனகல் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். பிறகு அவர் காட்டிய லிங்க்கில் வைத்தேன். சக்கரப் பக்கத்தையும் வண்டிக்குக் குறுக்கே போகிற கம்பியையும் இணைக்கிற, ஒரு சாண் நீள இரும்புத் துண்டு அது. இரண்டு முனையிலும் குண்டு மூட்டு. அவர் அமுக்கினார். என் மண்டைக்குள்ளேயே சுத்தியல் விழுந்தது.

"இதுதான்!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை, சந்தோஷத்தில்தான்.

அவரும் குனிந்து, நான் வண்டியை அமுக்க, அந்த மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "ஆமா. கையில நல்லாத் தெரியுது," என்றார். அவர் முகத்தில் பழைய ஆலைக்காரர் திரும்பி வந்திருந்தார்.

புது லிங்க் ஒரு ஜோடி வாங்கிவந்து அடுத்த சனிக்கிழமை மாற்றினார். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்குப் பாதி நாள். நட்டு துருப்பிடித்து, திருகினால் உள்ளே இருக்கிற கம்பியும் சேர்ந்தே சுற்றியது. கடைசியில் ரம்பத்தால் அறுத்தார். நடுவில் மழை பிடித்துக்கொள்ள, நான் குடை பிடித்தேன். குடை அவருக்கா காருக்கா என்று ஒரு சின்னச் சண்டையும் நடந்தது.

ஓட்டிப் பார்த்தோம். டொக் போய்விட்டது. ஆனால் சிக்னல் விளக்கில் பிரேக் போட்டபோது, அடியில் 'தும்' என்று வேறொன்று. இத்தனை நாள் டொக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது போலிருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

"என்னா, இன்னொண்ணு இருக்கா?" என்றார். என் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, வண்டியை ஜாக்கில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்குகிற 'கீழ்க் கை' என்கிற இரும்பில் இருக்கும் ரப்பர் வளையம், அந்த புஷ், வெடித்திருந்தது. அதை வீட்டில் மாற்ற முடியாது; அழுத்தும் இயந்திரம் வேண்டும். "சிம்பாங் பூலாய்க்குப் போலாம்," என்றார், நான் கேட்காமலே.

பட்டறையில் ஃபோர்மனுக்குப் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஃபோர்மன் புது புஷ்ஷை அழுத்திப் பொருத்தி, போல்ட்டைத் தளர்வாகவே விட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடுமாம்.

"வேல தெரிஞ்சவன்," என்றார் என் கணவர், கொஞ்சம் சத்தமாகவே. அவருக்கு அது மெதுவாகச் சொன்னதுபோல் இருந்திருக்கும். ஃபோர்மன் காதில் விழாததுபோல் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே, மற்றவர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணே, எங்க அப்பாவும் இப்படித்தான். காதுக்கு மெஷின் வச்சாரு, இப்ப எங்க எல்லாரையும் திட்றாரு," என்றார். நான் ஒரு வருடம் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. அந்த வாரமே மருத்துவமனையில் பெயர் பதிவு செய்தார்.

மெஷின் வந்த முதல் நாட்களில் எல்லாம் அவருக்குத் தொல்லை. நான் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறேனாம். மின்விசிறி கத்துகிறதாம். மகளோடு மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். நான் போனுக்குக் காத்திருந்து, கடைசியில் படுக்கப் போய்விட்டேன்.

போன மாதம் தைப்பிங்கில் ஒரு கல்யாணம். ஊர் எல்லையிலேயே மழை பிடித்துக்கொண்டது. திடீரென்று காரை மெதுவாக்கி, தலையைச் சாய்த்தார்.

"என்னா சத்தம் அது?"

"எது?"

"கீச் கீச்னு. உனக்குக் கேக்கல?"

வைப்பர். அது பல மாதமாகவே அப்படித்தான். எனக்குப் பழகிப்போயிருந்தது. அவருக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, புது ரப்பர் வாங்கி, கல்யாணத்துக்குப் போட்ட பூவேலைப் பாத்தேக் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அங்கேயே மாற்றினார். பட்டுச் சேலையோடு உள்ளே உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொண்ணு மாப்பிள்ளை மோதிரம் மாற்றி முடித்திருந்தார்கள். பிரியாணி இன்னும் சூடாக இருந்தது.