இரண்டு பாட்டில்களும் என் இங்கிலீஷும்

என் மகள் வள்ளிக்கு அப்போது மூன்று வயது. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி அடைமழை. காய்ச்சலில் புள்ளை கண்ணே திறக்கவில்லை. நெஞ்சில் சளி கர்கர் என்று இழுத்தது. அடியார்களே, அன்று அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது காய்ச்சல்கூட இல்லை, என் இங்கிலீஷ்.

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊர் பள்ளங்கியில் எட்டாம் வகுப்பு படித்தவன் நான் ஒருத்தன்தான். சந்தையில் வாங்கிய எதிர்ச்சொல் புத்தகம் ஒன்றை, பூண்டுக்குச் சருகு உரித்துக்கொண்டே உருப்போட்டிருந்தேன். பிக் என்றால் ஸ்மால், ஹாட் என்றால் கோல்ட். ஒன்றைச் சொன்னால் அதன் ஜோடி தானாக வாயில் வந்துவிடும். அர்த்தம்தான் வராது. அதை யார் கேட்டார்கள்? ஊரே வாயைப் பிளந்து நின்றது. அந்தப் பூண்டு வாசமும் மூடுபனியும் வெட்டிப் பெருமையும் இன்று நினைத்தாலும் இனிக்கத்தான் செய்கிறது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்று குடிக்க, ஒன்று நெஞ்சில் தேய்க்க. எது எதற்கு என்று அவர் தமிழில் சொல்ல வாயெடுத்தார். லேபிள் இருக்கிறதே, படித்துக்கொள்கிறேன் என்று மிடுக்காகக் கிளம்பி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் ஒன்றில் இன்டர்னல், மற்றதில் எக்ஸ்டர்னல். அட, நம்ம ஜோடி! ஒன்றுக்கொன்று எதிர் என்று சத்தியமே செய்வேன். எது உள்ளே, எது வெளியே? தெரியவில்லை. முகர்ந்தால் இரண்டும் ஒரே நாற்றம்.

மனைவி செல்லம்மா புள்ளையை மடியில் போட்டுக் காத்திருந்தாள். குத்துமதிப்பாக ஒரு பாட்டிலை எடுத்துக் கரண்டியில் ஊற்றியும்விட்டேன். கை நடுங்கியது.

"ஏங்க, நல்லாப் படிச்சுப் பாத்தீங்கள்ல?"

சுவரில் பழனியாண்டவர் படம். முருகா, என் மானத்தை எடுத்துக்கோ, புள்ளையைக் குடுத்துடு. அவ்வளவுதான் வேண்டினேன். அதுவரை சொல்லியே பழகாத வார்த்தை வாயிலிருந்து விழுந்தது.

"தெரியல, செல்லம்மா."

அவள் திட்ட வாய் திறப்பதற்குள் வாசலில் குரல். பூண்டு வாங்கும் காதர் ராவுத்தர், மட்டக்குதிரையைக் கட்டிவிட்டு விலை பேசிக்கொண்டே உள்ளே வந்தார். தமிழிலேயே கைநாட்டு அவர். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் கரண்டியைத் தட்டிவிட்டார்.

"ஏலே மாப்ள, செவப்புச் சீட்டுல்ல ஒட்டிக் கெடக்கு! நான் முட்டிக்குத் தேய்க்கிறதும் இதேதான். வெள்ளைச் சீட்டுதான் குடிக்க. படிக்கத் தெரியாதவனுக்குத்தான கலரு வெச்சிருக்கான்?"

எழுத்தையே முறைத்துக்கொண்டிருந்த எனக்குக் கலர் கண்ணில் படவே இல்லை.

மூன்றாம் நாள் வள்ளி கஞ்சி கேட்டாள். தைப்பூசத்துக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பழனிக்கு நடந்தே இறங்கினேன். இரண்டு பேருக்கும் மொட்டை. அதற்குப் பிறகு அர்த்தம் கேட்காமல் ஒரு வார்த்தையையும் நான் வாயில் போட்டுக்கொண்டதில்லை. ராவுத்தர் கடைசிவரை என்னை 'செவப்புச் சீட்டு' என்றுதான் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட இப்போது ஆளில்லை.

உங்கள் கையும் ஒருநாள் இப்படி நடுங்கும். அப்போது வெட்கப்படாமல், தெரியல முருகா என்று சொல்லிப் பாருங்கள். யாரையாவது அனுப்புவான். அவர் பூண்டு விலை பேசிக்கொண்டு வந்தாலும் வருவார், உள்ளே விடுங்கள்.