ஒன்பதாவது மீன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி வைக்கச் சொன்னது நான் இல்லை, வாஸ்துக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை என் பைத்தியம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் பிறந்து, விலங்கியல் படித்து, தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கணவருக்கு எலக்ட்ரிக்கல் சாமான் கடை. படித்த படிப்பு கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அச்சானதோடு சரி. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் என்னைக் கேட்டு எடுத்த முடிவு, இன்றைக்குச் சாம்பாரா காரக்குழம்பா என்பதுதான். அதையும் பாதி நாள் மாமியார் மாற்றிவிடுவார்.

கடையில் வியாபாரம் படுத்துக் கிடந்த ஒரு வருடம், மாமியாரின் ஒன்றுவிட்ட தம்பி வாஸ்து பார்க்க வந்தார். செங்கல் சூளை வைத்து நொடித்துப்போனவர், அடுத்தவர் வீட்டு மூலைகளைச் சரிசெய்யக் கிளம்பியிருந்தார். வடகிழக்கில் மீன்தொட்டி வைத்தால் கடை நிமிரும் என்றார். கணவர் உடனே தங்கமீன் வாங்கச் சட்டையை மாட்டிவிட்டார். நான் வாய் திறந்தேன். "கடல் மீனு வெக்கலாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். விழுப்புரத்தில் வேறு யார் வீட்டிலும் இருக்காது என்பதால் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நான் கேட்டு அந்த வீட்டில் கிடைத்த முதல் பொருள் அதுதான்.

மரக்காணத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் வேன்காரர் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வந்தார். "மீனு கேக்கறவங்கள பாத்துக்கீறேன், தண்ணி கேக்கறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்" என்று சிரித்தார். கல்லும் மணலும் போட்டு, மோட்டாரை ஓட்டி, மீனே விடாமல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தேன். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறுவதற்குள் விட்டால் மீன் பிழைக்காது. வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் தண்ணீரைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "இன்னா, உன் மீனு இன்னும் பஸ்ஸு ஏறலியா?" என்று கணவர் தினமும் கிண்டல் செய்தார். எனக்கு உறைக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். யாரோடு சேர்த்து அடைக்கப் போகிறோம், அவர்கள் குணம் என்ன என்பதை மட்டும் பார்க்கவில்லை. மீனுக்கு நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். எதன் வாய் எவ்வளவு பெரிது, அந்த வாய்க்குள் எது நுழையும், எது மேலே நீந்தும், எது தரையோடு கிடக்கும், எது ஒரு கல்லைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு மற்றதை அண்டவிடாது. சாதுவை முதலில் விட வேண்டும். முரட்டு மீனைக் கடைசியில் விடலாம், விடாமலே இருந்தால் இன்னும் நல்லது. சென்னையில் வளர்ப்பு மீன் கடைக்காரர், எதைக் காட்டிக் கேட்டாலும் சண்டை போடாது என்று சத்தியம் செய்தார். நான் அவரை நம்பாமல், கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனை என்ன செய்கிறது என்று பார்த்தேன். கணவர் வாசலிலிருந்து "ஜல்தி வாயேன், பேஜாரு புடிச்சவளே" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கினேன். அடுத்த நடையில் விரல் நீளத்துக்கு ஒரு மணல் மீனும், அதோடு சேர்ந்து வாழும் ஓர் இறாலும் வாங்கி வந்தேன். அந்த இறாலுக்குப் பார்வை மட்டம். அது நாள் முழுக்கக் குழி தோண்டி மண்ணை வெளியே தள்ளும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசையில் ஒன்றை எப்போதும் மீன் மேல் வைத்துக்கொண்டுதான் வெளியே வரும். மீன் வாலை அசைத்தால் ஆபத்து என்று அர்த்தம், உடனே உள்ளே ஓடிவிடும். சமையல் முடிந்ததும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்திருப்பேன். அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பி இருந்த ஜோடி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

வாஸ்துக்காரர் திரும்ப வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்று விரல்விட்டு எண்ணினார். "ஒம்போது மீனு இருக்கணும். அதுல ஒண்ணு கருப்பா இருக்கணும். வர்ற திருஷ்டிய அதான் வாங்கிக்கும்" என்றார். அது தங்கமீன் தொட்டிக்குச் சொன்ன கணக்கு. இந்தத் தொட்டிக்கு ஒன்பது தாங்காது, கடலில் கறுப்பாக இருக்கிற சின்ன மீன் பலதும் பொல்லாதது என்று நான் விளக்கினேன். "மீனுன்னா மீனுதாம்மா. கடல்ல இருந்தா இன்னா, கெணத்துல இருந்தா இன்னா?" என்றார். அத்தை, அதான் என் மாமியார், ஆமோதித்துத் தலையை ஆட்டினார். கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள்.

தங்கையின் பிரசவத்துக்கு நான் திண்டிவனம் போய்விட்டுத் திரும்பியபோது தொட்டியில் ஒன்பது மீன் இருந்தது. துணிக்கடையில் சட்டை எடுப்பதுபோலக் கணவர் நிறம் பார்த்து வாங்கி வந்திருந்தார். மஞ்சள், நீலம், கோடு போட்டது. நடுவில் கன்னங்கரேலென்று ஒன்று, நெற்றியிலும் இரண்டு பக்கத்திலும் வெள்ளைப் பொட்டோடு. "பொட்டு வச்சிக்கினு லட்சுமியாட்டம் கீது பாரு" என்று அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்த லட்சுமி நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோமாளி மீனைத் துரத்திப்போய் வாலைக் கடித்தது.

முதலில் மஞ்சள் மீன் செத்தது. நான் பதறினேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நமக்கு வர இருந்தது மீனோட போச்சு" என்று அதை ஓர் இலையில் வைத்து, கற்பூரம் கொளுத்திச் சுற்றி, முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தார். அந்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒயரிங் சாமான் மொத்தமும் எங்கள் கடையில் எடுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது கதை. அதற்கப்புறம் மீன் சாவது என் வீட்டில் நல்ல சகுனம். ஒன்று செத்தால் எண்ணிக்கை குறையக் கூடாது என்று கணவர் இன்னொன்று வாங்கி வந்து விடுவார். கறுப்பு மீன் அதையும் முடித்து வைக்கும். கோமாளி மீன் இரண்டும் துடுப்பு கந்தலாகி அடுத்தடுத்துப் போயின. தொட்டியைக் கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும் மட்டும் என் வேலையாக இருந்தது. நான் கட்டிய வீட்டில் கசாப்புக்கடை நடத்தினார்கள், கூட்டிப் பெருக்க என்னை வைத்துக்கொண்டார்கள்.

மணல் மீன் மட்டும் குழிக்குள் பதுங்கிப் பிழைத்திருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, ஒருநாள் கல்லையெல்லாம் வெளியே எடுத்து, கறுப்பு மீனைப் பிடித்து, காற்றுக் குழாய் வைத்த பக்கெட்டில் தனியாக விட்டேன். "அது பாட்டுக்குத் தனியா இருக்கட்டும், சாவாது" என்று அத்தையிடம் சொன்னேன். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா உன்னதான் கேப்பேன்" என்றார்.

ஆயிற்று. காணை ரோட்டில் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கப்போய்க் கணவரின் வண்டி சறுக்கிக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அத்தை எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "மீனு மேல போவ வேண்டியத புருசன் மேல வுட்டியே" என்று அழுதார். உள்ளே போய், கட்டிலில் கிடந்த கணவரை, இவர்களுக்கு நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோலப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஊட்டுக்குப் போயி அத எடுத்து உள்ள வுட்டுடும்மா" என்று தன் அம்மாவிடம் சொன்னார்.

நான் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அத்தை பக்கெட்டைத் தொட்டியில் கவிழ்த்திருந்தார். மறுநாள் வீட்டுக்குப் போனபோது மணல் மீன் கடிபட்டுச் செத்து, தண்ணீர் உறிஞ்சும் மோட்டாரின் வாயில் ஒட்டிக்கிடந்தது. இறால் குழி வாசலுக்கு வந்து மீசையை நீட்டித் தடவியது. ஒன்றும் தட்டுப்படவில்லை. உள்ளே போய்த் திரும்ப வந்து தடவியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் கால் முறிந்ததற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்கா தேறுதல் சொன்னார்.

கறுப்பு மீன் அதற்கப்புறம் பல வருடம் வாழ்ந்தது. வெள்ளைப் பொட்டெல்லாம் மங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்து, தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் விட்டது எதுவும் தங்காததால் கணவரும் வாங்குவதை விட்டுவிட்டார். கடையைப் பெரிதாகக் கட்டிய பிறகு, கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்தார். துபாயிலிருந்து திரும்பிப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தவர். தொட்டியைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று கேட்டார்.

"என் ஒய்ஃபத்தான் கேக்கணும் பாய். ஜுவாலஜி படிச்சவங்க. எல்லாம் அவங்க செலக்ட் பண்ணதுதான்" என்றார் கணவர், பெருமையாக. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என் படிப்பை அவர் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் செலக்ட் பண்ணதெல்லாம் செத்துப்போச்சுங்க பாய்" என்றேன். "இது அவரு செலக்ட் பண்ணது."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படித்தான் பாய், எப்பவும் தமாஷ் பண்ணிக்கினே இருப்பாங்க" என்றார். வந்தவரும் சிரித்தார். நான் டீ போட உள்ளே போனேன்.