முக்கொம்பு வரைக்கும் போகிற வேன்

உலகத்தில் இதுவரை பிறந்த இன்ஜினியர்களை எல்லாம் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் எங்கள் அக்கா அறிவுமதியை மட்டும் உட்கார வைத்தால், அக்காவின் தட்டு கீழே இறங்குகிற வேகத்தில் மலைக்கோட்டை ஒரு தடவை எம்பிக் குதிக்கும். உச்சிப் பிள்ளையார் ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வந்து விழுவார். கரிகாலன் கல்லணை கட்டியபோது அக்கா பிறந்திருக்கவில்லை. அதனால்தான் அவனால் டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாமலேயே கட்டி முடிக்க முடிந்தது. இரும்புக்கு உடம்பு சரியில்லை என்றால் அது தானாக உருண்டு வந்து, அக்காவிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்.

இதெல்லாம் உண்மைதானா என்று ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அக்கா என்றால், காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு ஓடுகிற பெண், இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத பெண், அவ்வளவுதான்.

அக்கா படித்தது மெக்கானிக்கல். வேலை பார்ப்பது துவாக்குடியில் பாய்லர் குழாய்களுக்கு வெல்டிங் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில். வெல்டர் இரண்டு குழாய்களை ஒட்டிவிட்டுப் போனதும், அந்த ஒட்டுக்குள் எங்காவது விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இரும்பின் மேல் கஞ்சி மாதிரி ஒரு பசையைத் தடவி, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்து நகர்த்துவாள். அது உள்ளே ஒலியை அனுப்பும். திரும்பி வருகிற ஒலி கோடாகத் திரையில் குதிக்கும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரிதான், ஆனால் குழாய்க்கு. அம்மாவுக்கு நான் இப்படிச் சொன்ன நாளிலிருந்து, அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகத் திருவெள்ளறைச் சித்தி நம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. பிரசவத் தேதி கேட்டு இரண்டு போன் வந்ததற்கு நான் பொறுப்பல்ல.

சோதித்து முடித்த ஒட்டுக்குப் பக்கத்தில், சோதித்தவர் தன் முத்திரையைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் சேர்ந்த சின்னக் குறி. குழாய் எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் குறி கூடவே போகும். அக்கா நான்கு வருடமாகச் சோதிக்கிறாள். முத்திரை மட்டும் அவளுடையது இல்லை. இன்ஸ்பெக்டராக இருக்கிற அன்புச்செல்வன் அண்ணன் வந்து தன் முத்திரையை அடிப்பார். நல்ல மனுஷர்தான். கூச்சத்தோடுதான் அடிப்பார். "நீ பாத்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் டீ கிளாஸோடு டக் டக்கென்று அடித்துக்கொண்டே போவார்.

அக்காவுக்குத் தன் பெயரில் முத்திரை வேண்டும். அதற்கு இன்ஸ்பெக்டர் தேர்வு எழுத வேண்டும். தேர்வுக்குப் போக வேண்டுமென்றால், பிலிம் எடுக்கிற வேலையில் மூன்று மாதப் பழக்கம் இருப்பதாகக் கம்பெனி எழுதித் தர வேண்டும். பிலிம் என்றால், குழாய்க்குக் கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது. கதிர் ஆளுக்கு ஆகாது என்பதால், பகல் ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில்தான் எடுப்பார்கள். ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களைப் போட்டால் வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்க வண்டி கொடுக்க வேண்டும். வண்டி இல்லை.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தையில்தான் அக்காவின் நான்கு வருடம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"உங்க சேஃப்டி எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா. வண்டி வரட்டும், பாக்கலாம்" என்பார் மேனேஜர் சுப்புராமன். முதல் வருடமும் அதைத்தான் சொன்னார். வருடா வருடம் அக்காவுக்குப் பிறகு சேர்ந்த பையன்கள் பைக்கில் ராத்திரி ஷிப்டுக்குப் போய், பிலிம் எடுத்து, தேர்வு எழுதி, முத்திரை வாங்கினார்கள். அதில் இரண்டு பேருக்குக் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்ததே அக்காதான். அவர்கள் முத்திரை வாங்கியதும் மறக்காமல் அக்காவுக்கு மைசூர்பாகு கொடுத்தார்கள். அதை முழுசாக நான் தின்றேன். அக்கா தொடவில்லை.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். "வாசல்ல வந்து ஏத்திக்கிட்டுப் போயி வாசல்ல கொண்டாந்து விட்டா போ. இல்லன்னா அந்தப் பேச்சே வேணாம்" என்பாள் அம்மா. எங்கள் அப்பா ரயில்வே கார்டு. என் வயசுக்கும் மேலாக ராத்திரி டூட்டி போகிறார். எப்படித் திரும்பி வருவீங்க என்று அவரை ஒருத்தரும் கேட்டதில்லை. போன தையில் பெண் பார்க்க வந்தவர்கள், "நைட்டெல்லாம் போக வேண்டியிருக்குமோ?" என்று கேட்டார்கள். அம்மா அவசரமாக, "அய்யய்யோ, அதெல்லாம் விட மாட்டாங்க" என்றாள். விட மாட்டார்கள் என்பதை அவ்வளவு பெருமையாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் செருப்பு ஜோடி மாறிப் போனது அந்தக் கோபத்தில்தான்.

மார்ச்சில் மகளிர் தினம் வந்தது. கம்பெனி வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். "தொழில்நுட்பத்தின் உச்சத்தில் நம் பெண்கள்" என்று போட்டு, நடுவில் அக்காவின் படம். போட்டோ எடுத்த ஆள் அக்காவை ஹெல்மெட் போடச் சொல்லி, சோதிக்கிற கருவியை வாய்க்குப் பக்கத்தில் மைக் மாதிரி பிடிக்கச் சொல்லியிருக்கிறான். "அப்படிப் பிடிக்க மாட்டாங்கண்ணே" என்று அக்கா சொல்லியும், "முகம் மறைக்குதும்மா" என்றுவிட்டான். அந்தப் படம் பத்திரிகை அளவுக்கு அச்சாகி, குழாய் வாங்குகிற கம்பெனிகளுக்கெல்லாம் போனது. பார்க்கிறவர்களுக்கு அக்கா இரும்புக்குப் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லோரையும் முக்கொம்புக்குப் பிக்னிக் கூட்டிப் போனார்கள். வீட்டிலிருந்து ஒரு பெண்ணையும் அழைத்து வரலாம் என்றதால் நான் ஒட்டிக்கொண்டேன். காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றது ஒரு வேன். வெள்ளை வெளேரென்று, ஏசி போட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டு. அக்கா ஏறாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரு வண்டிண்ணே?" என்று டிரைவர் பிச்சமுத்துவைக் கேட்டாள்.

"கம்பெனி வண்டிதாம்மா. புதுசு. ஏர்போர்ட்லேருந்து சாருங்கள ஏத்திக்கிட்டு வர்றதுக்கு."

"ராத்திரி எங்க நிக்கும்?"

"எங்க நிக்கும், ஷெட்லதான். எனக்கும் நைட் டூட்டிதான, அதுக்குள்ளயே படுத்துத் தூங்குவேன். ஏசி போட மாட்டேம்மா, சார்கிட்ட சொல்லிராதீங்க."

முக்கொம்பு வரைக்கும் அக்கா வேனில் எத்தனை சீட் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் அந்தாக்ஷரி பாடினார்கள்.

பூங்காவில் கோலப் போட்டி, ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவது, நாற்காலி சுற்றுவது எல்லாம் நடந்தது. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் நின்று மேனேஜர் பேசினார். ஆற்றைப் போலப் பெண்கள் எந்தத் தடையையும் தாண்டிப் போக வேண்டும் என்றார். மதகு அடைத்துக் கிடந்தது. பேசி முடித்து, "யாராவது கேள்வி கேக்கறீங்களா?" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். அக்கா எழுந்து மைக்கை வாங்கினாள்.

"சார், நம்மகிட்ட ராத்திரி சும்மா நிக்கிற வண்டி இருக்கு. டிரைவர் இருக்காரு. ஆகஸ்டுக்குள்ள நான் நைட் ஷிப்ட் போனாத்தான் டிசம்பர் தேர்வு எழுத முடியும். பிக்னிக்குக்கு வீட்டு வாசலுக்கு வர்ற வண்டி வேலைக்கு ஏன் சார் வராது?"

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். "அருமையான கேள்வி! இந்த மாதிரி தைரியமான பெண்கள்தான் நமக்கு வேணும். எல்லாரும் கை தட்டுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். சிறந்த கேள்விக்கு என்று அங்கேயே ஒரு பரிசும் கொடுத்தார்கள். ஹாட் பாக்ஸ். ஏற்கெனவே எல்லோருக்கும் கொடுத்ததே ஒரு ஹாட் பாக்ஸ்தான். அக்கா இரண்டு ஹாட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தாள். பதில் வரவில்லை. ஏப்ரலில் ஒரு குழு போட்டு அக்காவையே அதற்குத் தலைவி ஆக்கினார்கள். குழுவுக்குக் கொடுத்த முதல் வேலை, அடுத்த மகளிர் தினத்துக்குப் புடவை நிறம் தேர்ந்தெடுப்பது.

ஜூலையில் ஒரு சாயங்காலம் அக்கா வந்து சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. முந்தின வாரம் ஒரு ஒட்டில் விரிசல் கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறாள். பெரிய ஆர்டர். அன்றைக்கு அதைப் பாராட்டிக் கடிதம் வந்திருக்கிறது, அன்புச்செல்வன் அண்ணன் பெயருக்கு. அவர் அதைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டி, "மன்னிச்சுக்கம்மா" என்றாராம்.

"அவர் என்னடி பண்ணுவாரு பாவம்" என்றாள் அக்கா. "கோவப்படறதுக்குக்கூட ஒரு கெட்டவன் கெடைக்க மாட்டேங்கறான். எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் கை தட்டறாங்க. நாலு வருஷமா நான் பாத்து அனுப்புன குழாய் எந்தெந்த ஊர்லயோ நிக்குது. ஒண்ணுலயும் நான் இல்ல."

நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைப்பேன் என்று அம்மா என்னைப் பார்த்தாள். மேனேஜர் நம்பரை அக்கா போனில் "ஹாட் பாக்ஸ்" என்று மாற்றி வைத்தேன். அதோடு சரி.

அந்த வாரம்தான் சென்னை மேடம் போன் செய்தார்.

மேடம் யார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலை பார்ப்பது ஒரு செல்போன் கடையில். மேடம் பேசிய நேரத்தில் நான் கடைக்குப் பின்னால் குடோனில் கதவைச் சாத்திக்கொண்டு கவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கிற மெஹ்ரீன் இதற்குச் சாட்சி. எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வந்து சொன்னதுதான். குழாய் வாங்குகிற கம்பெனி ஒன்றின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் மேனேஜரைக் கூப்பிட்டிருக்கிறார். பேனரில் இருக்கிற பெண் பிலிம் எடுப்பாரா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், "அப்ப எதுக்கு அவங்க படத்தப் போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெயரைத் திருப்பிக் கேட்கிற தைரியம் மேனேஜருக்கு வரவில்லை. ஒரே வாரத்தில் வேன் ஏற்பாடாகிவிட்டது. இன்சூரன்ஸ், டிரைவர் டூட்டி, அனுமதிக் கையெழுத்து என்று நான்கு வருடமாக நகராததெல்லாம் ஓடி வந்து வரிசையில் நின்றது.

"அந்த மகராசி யாரோ, நல்லா இருக்கணும்" என்று அம்மா கோயிலுக்குப் போனாள். பேரும் நட்சத்திரமும் தெரியாததால் மேடத்துக்குப் பதிலாகப் பெருமாள் பேருக்கே அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். எனக்கு வந்த இருமலை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

அக்காவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது முழுச் சந்தோஷம் மாதிரி தெரியவில்லை. நேற்றுதான் முதல் ஷிப்ட். சாயங்காலம் சாப்பாடு கட்டிக்கொண்டு, ஷூ மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் வேன் நின்றது. பிச்சமுத்து அண்ணன் ஹாரன் அடித்தார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா உடனே தெருவில் இறங்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"நான் வாயால கேட்டேன், மெயில் போட்டேன், மைக்ல கேட்டேன். ஹாட் பாக்ஸ் குடுத்தாங்க. பேரே இல்லாத ஒரு அம்மா போன்ல அதட்டுனா வண்டி வருது. அப்ப நான் சொன்னதுக்கு என்னடி மதிப்பு?"

"எப்படி வந்தா என்னக்கா, வந்துருச்சுல்ல" என்றேன்.

"ம். மேனேஜர் சொன்னாரு, மேடம் ரொம்பக் கண்டிப்பாம். வண்டில அந்தப் பொண்ணுக்கு முன் சீட்டுத்தான் குடுக்கணும், ஜன்னல் தெறந்து வைக்கணும்னு மூணு தடவை சொன்னாங்களாம்."

"நல்ல மேடம்."

"பின் சீட்ல உக்காந்தா எனக்கு வாந்தி வரும்னு சென்னைல இருக்கற மேடத்துக்கு எப்படிடி தெரியும்?"

நான் வேனைப் பார்த்தேன். எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்.

"விஷயம் வெளிய வந்திருந்தா என் வேலையே போயிருக்கும், தெரியுமா? இனிமே அந்த மேடம் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. மீதிய நான் பாத்துக்கறேன்." படியிறங்கி, வேனின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னொண்ணு. அடுத்த மகளிர் தினத்துக்கு மேனேஜர் அந்த மேடத்தத்தான் சிறப்பு விருந்தினரா கூப்பிடப் போறாராம். உன்கிட்ட நல்ல புடவை ஏதாவது இருக்காடி?"