அவசரத்தில் திறந்த டிரிப்

தைலம்மாளின் இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டுகிறது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியால் வந்தது.

2003. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பிரசவ அறையில் பதினோரு வருடமாக அவர் உதவியாள். தரையைக் கழுவுவார், கால்களைப் பிடிப்பார், கத்துகிற பெண்களின் தொடையில் ஓங்கி அறைவார். அவருடைய பிரசவத்தில் அவரையும் அப்படித்தான் அறைந்தார்கள்.

அன்று கல்வராயன் மலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் பூமாலையை அழைத்து வந்தார்கள். இருபது வயது, தலைச்சன் பிரசவம், கர்ப்பத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்த பஸ்ஸுக்குள் வலி முற்றிவிடுமோ என்ற பயத்தில், வலி லேசாக எட்டிப் பார்த்ததுமே கிளம்பிவிட்டார்கள். நடக்கவிட்டு, கஞ்சி கொடுத்துக் காத்திருந்தால் போதும். ஆனால் படுக்கவைத்து, வலி கூட்டும் டிரிப்பைப் போட்டுவிட்டு டாக்டரம்மா சாப்பிடப் போனார்.

கணவன் ராசு வாசலிலேயே சொல்லியிருந்தான்: "வயித்தக் கீறிக்கினு வந்தா வூட்டுல சேக்க மாட்டேன். கீறினவ சொமை தூக்குவாளா?" அவன் அண்ணன் மனைவியை அப்படித்தான் தாய்வீட்டுக்கு விரட்டியிருந்தார்கள்.

மாமியார் காசியம்மாள் தைலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேரமாச்சுன்னா கீறிடுவாங்களாமேக்கா. கொஞ்சம் ஜாஸ்தியா வுடு. சீக்கிரம் பெத்துக்கட்டும். இல்லாட்டி எம்மவன் இவள வச்சிக்க மாட்டான்."

நர்ஸ் அடுத்த அறையில் இருந்தார். தைலம்மாள் டிரிப் குழாயில் வேகத்தைக் கூட்டும் சின்னச் சக்கரத்தை மேலே தள்ளினார்.

சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டியது ஓட்டமாக இறங்கியது. வலி இடைவெளி இல்லாமல் அடித்தது. பூமாலை கட்டில் கம்பியைக் கடித்தாள், உதடு கிழிந்தது.

"கத்தாத! முக்குடி!" தைலம்மாள் அறைந்தார். மறுபடியும் அறைந்தார்.

உள்ளே பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியது. ஓடிவந்த டாக்டரம்மா டிரிப்பைப் பார்த்தார்.

"யாரு இதைத் தொட்டது?"

தைலம்மாள் தரையைத் துடைக்கக் குனிந்தார். அரை மணி நேரத்தில் வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்தார்கள். உயிர் இருந்தது.

சாயங்காலம் ராசு ஆட்களோடு வந்தான். முன்கதவுக் கண்ணாடி நொறுங்கியது. வார்டுக்குள் புகுந்தவன் பூமாலையின் தலைமுடியைப் பற்றி இழுத்தான்.

"முக்கத் துப்பில்லாத நாயே! உங்கொப்பன் வூட்டுக்கே போ!"

அவள் வயிற்றில் தையல் மேல் போட்டிருந்த கட்டு வழியே ரத்தம் கசிந்தது. காசியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தைலம்மாள் குறுக்கே பாய்ந்தார்.

"வுடுறா அவள! அவ ஒடம்புல இன்னாடா குத்தம்? டிரிப்பத் தொறந்து வுட்டது நானு. அதனாலதான் கீறினாங்க!"

ராசு டிரிப் மாட்டும் கம்பியைப் பிடுங்கி ஓங்கினான்; அது அவர் புருவத்தில் இறங்கியது. அவன் மறுபடி ஓங்கியபோது காசியம்மாள் அலறிக்கொண்டு முன்னால் விழுந்தார்.

"தொறக்கச் சொன்னது நான்டா! என்னை அடி!"

அடித்தான். தாயின் மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்ட பிறகுதான் கம்பியைக் கீழே போட்டான்.

மறுநாள் தைலம்மாளுக்கு வேலை போனது.

எட்டாம் நாள், கையில் கட்டோடு காசியம்மாள் மருமகளை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்து வந்தார். மலை பஸ்ஸில் ராசு அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தைலம்மாள் ஜன்னலருகே போய் நின்றார். டிரிப்பைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தார்.

பூமாலை குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள்: "எம்மேல குத்தம் இல்லன்னியே, அப்ப ஏன்க்கா என்னை அந்த அடி அடிச்ச?"

பஸ் நகர்ந்தது. தைலம்மாள் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தார்.