பைன் போத்தலும் குங்குமப் பொட்டும்

குண்டசாலை ஆய்வுகூடத்தில் பைன் துளிர்களைக் கண்ணாடிப் போத்தலுக்குள் வளர்ப்பது என் வேலை. தூசி பட்டாலே பூஞ்சணம் பிடித்துவிடும். சரஸ்வதி பூஜையன்று, துளிர் வெட்டும் சுத்தமான பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரே கிழமையில் எட்டு மாத உழைப்பு வெள்ளையாகப் பூத்தது.

"கை கழுவாம தொட்டது நீதானே?" என்று ஆய்வுகூடப் பொறுப்பாளர் மிஸ், என்னோடு வேலை செய்யும் நிஸாவைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நிரந்தரமாகாத பிள்ளை, வேலை போய்விடும். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன். "நான்தான் மிஸ், உள்ளே பொட்டு வச்சேன்" என்றேன்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பினேன்.

வெளியே வந்ததும் நிஸா, "பொட்டை நானும் கண்டேன் அக்கா" என்றாள்.

"அடிப் பாவி, ஏன் சொல்லல?"

"நீங்க சாமிக்கு வச்சது. நான் எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?"

என்னைவிட அவள்தானே பயந்திருப்பாள்! இப்போதும் கையைக் கழுவிவிட்டுத்தான் குங்குமச் சிமிழைத் திறக்கிறேன்.