டீச்சரம்மா போன சரளைப் பாதை

திருவண்ணாமலையிலிருந்து தென்பெண்ணை ஆறு வரைக்கும், காரோடு மல்லுக்கட்டாமல் சைக்கிளிலேயே போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன் நான்தான். செங்கம் ரோட்டில் இருக்கும் என் வாடகை சைக்கிள் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்தி இப்படித்தான் சொல்வேன். அவர்களும் நம்பி என்னைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அத்தனையும் பொய். கண்டுபிடித்தது எங்கள் தெரு டீச்சரம்மா. நான் பங்க்சர் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு பின்னால் போனவன். அதிலும் முதல் ஏரிக்கரை ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளிக்கொண்டு போனவன். ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, இதற்கு மேல் வாத்தியாரைச் சிரமப்படுத்த வேண்டாமென்று நானாக நின்றுகொண்ட ஆள். டீச்சர் என்றாலே இன்றைக்கும் மடித்துக் கட்டிய கைலியைத் தானாக இறக்கிவிடுவேன்.

டீச்சரம்மா எங்கள் ஜில்லாவில் ஊர் ஊராக மாற்றலாகிப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கணவரோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனபோது பைபாஸில் ஒரு கார் இடித்தது. கணவரின் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது. டீச்சரம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதற்குப் பிறகு காரோ பஸ்ஸோ பக்கத்தில் வரும் சத்தம் கேட்டாலே கை இரண்டும் உதறும். ஆட்டோவில்கூட ஏற மாட்டார். காய்கறி வாங்கவும் சந்து சந்தாகவே போய் வருவார். அப்படியே காலம் தள்ளியிருப்பார். ஆனால் பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் இருந்த அவருடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். அம்மா இல்லாத வீட்டில் டீச்சரை வளர்த்துப் படிக்க வைத்தது அந்த அக்காதான். 'வா' என்று போனில் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "உன் மொகத்தைப் பாக்காமயே போய்டுவேன் போலக்குதுடி" என்று மட்டும் ஒருநாள் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் டீச்சரம்மா என் கடைக்கு வந்து நின்றார். கார் நுழைய முடியாத வழியாகவே ஆறு வரைக்கும் போக வேண்டும், சைக்கிள் வேண்டும் என்றார். அப்படி வழியே இல்லை டீச்சர் என்று, ஜில்லா முழுக்க அளந்து வைத்தவன் மாதிரி சொன்னேன். மலை சுற்றுகிற பாதையிலிருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டி நான் சைக்கிள் மிதித்ததே கிடையாது. அவர் என்னோடு வாதாடவில்லை. வீட்டுக்குப் போய் போனை எடுத்துவிட்டார். அவர் பாடம் நடத்திய ஊர்களிலெல்லாம் அவரிடம் படித்த பிள்ளைகள் இப்போது நிலம் நீச்சு என்று இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: உங்க ஊர்லேர்ந்து அடுத்த ஊருக்கு மாடு எந்த வழியா போவும்? பாதை எங்கே என்று கேட்டிருந்தால் எல்லோரும் தார் ரோட்டைத்தான் காட்டியிருப்பார்கள். மாடு போகிற வழி என்றதும் ஏரிக்கரை, கால்வாய்க்கரை, சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கினார். அப்படியே ஊருக்கு ஊர் முடிச்சுப் போட்டு ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

தை பிறந்திருந்த சமயம், விடிந்ததும் கிளம்பினோம். ஊரைத் தாண்டி முதல் ஏரிக்கரையில் ஏறியதுமே காது அடைத்துப் போனது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, காது அடைக்கவில்லை, ஹாரன் சத்தம் இல்லை. கரையின் தொடக்கத்தில் டிராக்டர் ஏறக்கூடாதென்று இரண்டு கல் நட்டிருந்தார்கள். நடுவில் ஒரு சைக்கிள் மட்டும் நுழையலாம். அதற்கப்புறம் சரளைக்கல் டயருக்கு அடியில் பொரி வறுபடுகிற மாதிரி ஓயாமல் நொறுங்கிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் கீழே நெல், நடுவே நாங்கள். திரும்பிப் பார்த்தால் மலை நின்றது. நான் பிறந்ததிலிருந்து அதன் அடியிலேயே கிடக்கிறேன், கடையிலிருந்து தெரிகிற அந்த ஒரு முகம்தான் மலை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் அது வேறு வேறாக எழுந்து நின்றது. வாயைத் திறந்தால் மூடாத எனக்கு வெகுநேரம் பேச்சே வரவில்லை. என் மனைவியிடம் சொன்னபோது இதை மட்டும் அவள் நம்பவில்லை.

கால்வாய்க்கரையில் பாதி தூரம் போனதும் சிக்கல் வந்தது. கரை உடைந்திருந்தது. அடுத்த மதகில்தான் மறுபடி ஏற முடியும். அதற்கு நடுவே ஒரு கூப்பிடு தூரம் பெரிய தார் ரோட்டில் போயாக வேண்டும். கார்கள் போகிற சத்தம் மேலே கேட்டது. டீச்சரம்மாவின் விரல்கள் ஹேண்டில்பாரில் உதறத் தொடங்கின. பெல் தானாகக் கிணுங்கியது. திரும்பிவிடலாம் டீச்சர் என்றேன். அவர் ரோட்டோரம் ஏறி நின்றார்.

ரோட்டின் பாதியை அடைத்துக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் களத்தில் மாடு கட்டி மிதித்து மணி உதிர்ப்பதெல்லாம் போய், இப்போது ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுத்துவிடும். ஓரத்தில் விளக்குமாறோடு உட்கார்ந்திருந்த அம்மாள் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பயமா?"

டீச்சர் தலையாட்டினார்.

"செத்த நில்லு. அதோ ஒண்ணு வருது. எப்டி வருது பாரு."

தூரத்தில் சீறிக்கொண்டு வந்த கார் கொள்ளுச் செடியைப் பார்த்ததும் அடங்கியது. வேகமாக ஏறினால் வழுக்கும். நொறுநொறுவென்று, நடக்கிற வேகத்தில் எங்கள் பக்கம் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, ரோடு உங்க அப்பன் வூட்டுதா என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்குமாறை நீட்டினாள்.

"அப்புறம் திட்டலாம். இந்தாண்ட மிதிபடவே இல்ல, கொஞ்சம் ஒடிச்சி ஓட்டுப்பா."

அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்து, மிதிபடாத பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார். டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப் போய்ப் பார்த்தால், சிரிப்பு. அந்தச் சிரிப்போடே சைக்கிளில் ஏறிக் கொள்ளின் மேல் மிதித்தார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார். செடி செயினில் சுற்றி இறுகிச் சக்கரம் நின்றுவிட்டது. அதே நேரத்தில் எதிரே ஒரு லாரி. நான் ஓடிப்போய்க் குனிந்து செடியைப் பிய்க்கிறேன், செடி வரவில்லை, லாரிதான் வருகிறது. டீச்சர், போட்டுட்டு ஓரமா வாங்க என்று கெஞ்சினேன். அவர் நகரவில்லை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பள்ளிக்கூட மைதானத்தில் அத்தனை பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் வாய் மூட வைக்கிற அந்தக் கை. லாரி கொள்ளின் ஓரத்தில் வந்து பெருமூச்சு விட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கை உதறவில்லை. உதறியதெல்லாம் என் கைதான்.

"பதறாம எடுப்பா. அவர் நிப்பாரு" என்றார்.

லாரி டிரைவர் நின்றார். செயினை நான் சரிசெய்து முடிக்கும் வரைக்கும் ஹாரன்கூட அடிக்காமல் நின்றார்.

மதகில் ஏறிக் கால்வாயோடு போய் ஒரு மேட்டைத் தாண்டியதும் பெண்ணையாறு மொத்தமாகத் திறந்துகொண்டது. இரண்டு கரைக்கும் நடுவே மணல், மணலில் வழி தேடிப் பிரிந்து பிரிந்து போகிற தண்ணீர், அதற்கு மேல் அத்தனை பெரிய வானம். இவ்வளவும் ஒரு சைக்கிள் தூரத்தில் இருந்திருக்கிறது, நான் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன். டீச்சரம்மா ஆற்றைப் பார்க்கவில்லை. கரையில் முதல் வீட்டு வாசலில், புங்கமரத்தடியில் அக்காவின் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டு மிதித்தார்.

அக்கா தலையைத் தூக்கி முதலில் தங்கையை, பிறகு அவருக்குப் பின்னால் இருந்த வெறும் பாதையைப் பார்த்தார். "யாருடி கொண்டாந்து வுட்டது?"

"யாரும் இல்லக்கா. நானே வந்தேன்."

பங்க்சர் பெட்டியோடு பக்கத்திலேயே நின்ற நான்தான் அந்த 'யாரும் இல்ல'. சத்தியமாக எனக்கு வருத்தமில்லை. அக்கா கையை நீட்டி, டீச்சரின் புடவைக் கரையில் ஒட்டியிருந்த கொள்ளுச் செடியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையைச் சரிசெய்கிற மாதிரி முந்தானையையும் இழுத்துவிட்டார். அப்புறம் டீச்சரம்மா மெல்லக் கட்டிலில் ஏறி அக்காவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வந்த வழியை ஏரிக்கரையிலிருந்து சொல்லத் தொடங்கினார். லாரி வந்து நின்ற இடத்துக்கு வந்ததும் அக்கா அவர் வாயைப் பொத்தி...

"யோவ், எம்மா நேரமா கூப்பிடறேன். மூணு பேர் பங்க்சரோட நிக்கறாங்க, அங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

கடை வாசலிலிருந்து என் மனைவி. மீதிக் கதை அப்புறம், இப்போது போய்த்தான் ஆக வேண்டும்.