ரெண்டு பொட்டு

விசா வரவில்லை. வந்திருந்தால் அந்த வெளிநாட்டு நியூட்ரான் உலைக்கு நானே பறந்திருப்பேன். என் ஆய்வகத்தில் எனக்கு இளையவன் ஒருவன், கோயமுத்தூர்க்காரன், அவன் மட்டும் போனான். அங்கே கருவித் திரையில் விழுவதை இங்கிருந்தே பார்த்து அவனோடு பேச, நான் குன்னூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்!

எங்கள் பொருள் ஒரு சோப்புக் கரைசல். அதற்குள் சோப்பு மூலக்கூறுகள் நீள நீளமான நூல்களாகச் சேர்ந்திருக்கும். கரைசல் ஓடும்போது அந்த நூல்கள் என்ன செய்கின்றன என்று கண்ணால் பார்க்க முடியாது. ஊடே நியூட்ரான்களை அனுப்பினால், அவை சிதறும் விதம் சொல்லிவிடும். நூல்கள் கண்டபடி கிடந்தால் திரையில் வட்டம் விழும். ஓட்டத்தோடு ஒரே திசையில் படுத்தால் வட்டம் உடைந்து இரண்டு பொட்டாகும். அந்த இரண்டு பொட்டை நம்பித்தான் என் முனைவர் பட்டமே நின்றது. கருவியோ அன்று சாயங்காலம் வரைதான் எங்களுக்கு.

"சுத்த விடறேனுங்க்கா," என்றான். கரைசல் இருந்த கிண்ணம் சுழன்றது. மங்கலான வட்டம் அப்படியே நின்றது. வேகத்தைக் கூட்டினான். அதே வட்டம்.

"மாறவே மாட்டேங்குதுங்க்கா."

"மிச்சக் கரைசலைக் காட்டுடா," என்றேன். போனில் காட்டினான். குப்பியின் அடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்தப்பவே இப்படித்தானுங்க்கா. கலக்குனா செரியாயிரும்னு நெனச்சேன்."

அட கடவுளே! மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தாமல் இந்த ஊரில் யாராவது தலைவாரியிருக்கிறார்களா? வெயிலில் வளர்ந்தவனுக்கு அது எங்கே தெரியும்!

"டேய், குளுருல உறைஞ்சு போச்சுடா! குப்பியை வெந்நீர்ல வை. கிண்ணத்தையும் சூடாக்கு. தெளியற வரைக்கும் தொடாதே!"

தெளிந்தது. ஊற்றினான். நேரம் கொஞ்சம்தான் மிச்சம். கிண்ணம் சுழன்றது. வட்டம் நசுங்கியது, நடுவே ஒடுங்கியது, பிய்ந்தது. இரண்டு பொட்டு! நான் போட்ட கூச்சலில் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"கரடியா கண்ணு? பின்னாடி வந்துருச்சா?"

"இல்லம்மா! இங்க பாரு, வந்துருச்சும்மா!"

அம்மா திரையைக் குனிந்து பார்த்தார். "இந்த ரெண்டு பொட்டுக்கா இத்தன வருசம் ஊட்டுப் பக்கமே எட்டிப் பாக்காமக் கெடந்தே?"

"ஆமாம்மா, இதுக்குத்தான்." சந்தோஷம் தாங்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "செரி, அந்தப் பையனை இன்னொருக்கா சுத்தச் சொல்லு. நானும் பாக்கறேன்."